வாசகர் கேள்வி – பதில்: தாலிக்கொடித் தங்கமும் செத்த நட்சத்திரங்களும்

போன இதழில் ஒரு மாணவருக்குப் பதில் எழுதும்போது, நியூத்திரன் நட்சத்திரம் என்று ஒன்று இருக்கிறது, சூரியனைவிடப் பாரம் கூட, ஆனால் யாழ்ப்பாண நகரத்தில் தொடங்கினால் காங்கேசன்துறையோடு முடிந்துவிடும், அவ்வளவுதான் அகலம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப்பேர் நம்பவில்லை, மீதிப்பேர் நம்பிவிட்டு இன்னும் கேட்கிறார்கள். அதனால் காணிப் பிரச்சினை, தலைமுடி உதிர்வு, விசா கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு. இந்த முறை நட்சத்திரம் மட்டும்தான்.

சூரியனைவிடப் பாரமான பொருள் காங்கேசன்துறை வீதிக்குள் அடங்கும் என்று எழுத ஒரு துணிவு வேண்டும். எந்த அடிப்படையில் எழுதினீர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சுன்னாகம்

துணிவு என்னுடையது இல்லை ஐயா, கணக்கினுடையது. ஒரு அணுவை எடுங்கள். அதன் திணிவு ஏறக்குறைய முழுவதும் நடுவில் உள்ள கருவில்தான் இருக்கிறது. அந்தக் கருவின் விட்டமோ அணுவின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. மிச்சம் இலத்திரன்கள் உலாவுகிற வெறும் இடம். நீங்கள், நான், இந்தப் பூமி எல்லாமே பெரும்பாலும் வெறும் இடம்தான். அதை நெரித்து இல்லாமல் ஆக்கினால் மிஞ்சுவதுதான் நியூத்திரன் நட்சத்திரம்.

நெரிப்பது ஈர்ப்பு. ஒரு நட்சத்திரம் உயிரோடு இருக்கும் காலம் முழுக்க, வெளியே உள்ளதெல்லாம் தன் பாரத்தால் உள்ளே விழப் பார்க்கிறது. உள்ளே ஐதரசன் கருக்கள் இணைந்து ஈலியமாகும்போது வருகிற வெப்பமும் அமுக்கமும் அதை விழவிடாமல் தாங்குகின்றன. சூரியனைப்போல எட்டு மடங்குக்கு மேல் திணிவுள்ள நட்சத்திரத்தில் ஐதரசன் முடிய ஈலியம், அது முடியக் காபன், பிறகு நியோன், ஒட்சிசன், சிலிக்கன் என்று ஒவ்வொரு கட்டமும் முந்தினதைவிட வேகமாக முடிந்துகொண்டே போகும். ஐதரசன் கட்டம் பல இலட்சம், கோடி ஆண்டுகள் ஓடும், கடைசிச் சிலிக்கன் கட்டம் நாட்கணக்குத்தான். அதற்குப் பிறகு மையத்தில் இருப்பது இரும்பு. இரும்புக் கருக்களை இணைத்துச் சக்தி எடுக்க முடியாது, இணைப்பதற்கு நாங்கள்தான் சக்தி கொடுக்கவேண்டும். ஆகவே தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. பூமியளவு இருந்த மையம் ஒரு செக்கனுக்குள் இடிந்து சில பத்துக் கிலோமீற்றருக்கு வந்துவிடும், பிறகு ஆறி இன்னும் கொஞ்சம் சுருங்கும். அந்த இடிபாட்டில் இலத்திரன்கள் புரோத்தன்களுக்குள் தள்ளப்பட்டு நியூத்திரன்கள் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் நியூத்திரினோ என்ற மிகச் சிறிய துகள் ஒன்று வெளியே ஓடுகிறது. வெளிப்படைகள் வெடித்துச் சிதறுவதைத்தான் சுப்பர்நோவா என்கிறோம்.

நீங்கள் கேட்ட அடிப்படை இனித்தான் வருகிறது. 1987 மாசி 23ஆம் திகதி பெரிய மகெல்லன் முகில் என்ற பக்கத்து நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு சுப்பர்நோவா தெரிந்தது. (அந்த ஆண்டு எங்கள் ஊரில் வானத்தைப் பார்த்தவர்கள் வேறு காரணத்துக்காகத்தான் பார்த்தார்கள்.) அதன் ஒளி வந்துசேர்வதற்குச் சில மணித்தியாலம் முன்னாலேயே ஜப்பான், அமெரிக்கா, சோவியத் நாடு மூன்றிலும் நிலத்துக்கு அடியில் இருந்த கருவிகளில் இருபத்துச் சொச்சம் நியூத்திரினோக்கள் பதிந்தன. மையம் இடிந்தால் இப்படித்தான் வரும் என்று முதலே கணக்குச் சொல்லியிருந்தது. பாரத்தை நிறுத்ததும் உண்மை. 1974இல் ஹல்ஸ், ரெய்லர் என்ற இருவர் ஒன்றையொன்று 7 மணி 45 நிமிடத்தில் சுற்றுகிற இரண்டு நியூத்திரன் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார்கள். சுற்றுப்பாதையை அளந்தால் திணிவு வந்துவிடும். இரண்டும் சூரியனைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு. விட்டம் இருபது, இருபத்தைந்து கிலோமீற்றர் என்று வைத்து வகுத்துப் பாருங்கள், ஒரு கன சென்ரிமீற்றருக்குச் சுமார் 50 கோடி தொன் வரும். நீங்கள் கணிதம் படிப்பித்தவராக இருந்தால் இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

தனி நியூத்திரன் சுமார் 15 நிமிடத்தில் சிதைந்து புரோத்தனாகிவிடும் என்று படித்தேன். அப்படியானால் நியூத்திரன் நட்சத்திரம் எப்படிக் கோடிக்கணக்கான ஆண்டு இருக்கிறது? எங்கள் வகுப்பில் கேட்டேன், பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள்.
– உயர்தர மாணவி, பருத்தித்துறை

பரீட்சைக்கு வராது, உண்மைதான். ஆனால் இந்த மாதம் வந்ததில் சிறந்த கேள்வி உங்களுடையதுதான் தங்கச்சி.

நியூத்திரன் சிதைந்தால் ஒரு புரோத்தன், ஒரு இலத்திரன், ஒரு எதிர் நியூத்திரினோ வரும். அந்த இலத்திரனுக்கு எங்கேயாவது இடம் வேண்டும். பவுலியின் தவிர்ப்பு விதி படித்திருப்பீர்கள்: ஒரே நிலையில் இரண்டு இலத்திரன் இருக்க முடியாது. நியூத்திரன் நட்சத்திரத்துக்குள்ளே கொஞ்சம் புரோத்தன்களும் அதே எண்ணிக்கை இலத்திரன்களும் எப்போதும் மிஞ்சி இருக்கின்றன. அந்தக் கொஞ்சமே அந்த அடர்த்தியில் குறைந்த சக்தி நிலைகள் எல்லாவற்றையும் நிரப்பிவிடும். புதிதாகப் பிறக்கும் இலத்திரன் அவற்றுக்கு மேலே உள்ள நிலைக்குத்தான் போகவேண்டும். அதற்குத் தேவையான சக்தி, சிதைவில் கிடைக்கும் சக்தியைவிட மிக மிக அதிகம். சிதைவில் ஒரு மில்லியன் இலத்திரன் வோல்ற்றுக்கும் குறைவாகத்தான் கிடைக்கிறது, மையத்தில் கேட்பதோ அதைப்போல நூறு மடங்கு அளவில். ஆகவே நியூத்திரன் சிதைய முடியாமல் நிற்கிறது. ஈர்ப்பை எடுத்துவிட்டால், அதாவது ஒரு கரண்டி அள்ளி வெளியே கொண்டுவந்தால், அது நட்சத்திரமாக இருக்காது, அந்தக் கணமே வெடித்துச் சிதறும். கரண்டியில் இவ்வளவு பாரம் என்று எல்லாரும் எழுதுகிறோம், கரண்டி என்ன ஆகும் என்று எழுதுவதில்லை.

"நியூத்திரன் நட்சத்திரம்" என்பதால் உள்ளே நியூத்திரன் மட்டும் என்று நினைக்கவேண்டாம். மேலே இரும்பு போன்ற கருக்களாலான ஓடு, ஒரு கிலோமீற்றர் அளவு தடிப்பு. அதற்குக் கீழே நியூத்திரன் பாய்மம். ஆக நடுவில் என்ன என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை. சிலர் அங்கே நியூத்திரன்களே உடைந்து, அவற்றுக்குள் உள்ள இன்னும் சிறிய துகள்களான குவார்க்குகளாக இருக்கலாம் என்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2017இல் பூட்டிய நைசர் என்ற எக்ஸ்கதிர்க் கருவி இந்த நட்சத்திரங்களின் ஆரையை அளப்பது அதற்காகத்தான். ஆரை சரியாகத் தெரிந்தால் உள்ளே உள்ள பொருள் எவ்வளவு இறுக்கம் என்று தெரியும்.

சூரியனும் நியூத்திரன் நட்சத்திரம் ஆகுமா?
– சாவகச்சேரி

ஆகாது. பாரம் போதாது.

எத்தனை வகை நட்சத்திரம் இருக்கிறது? சிவப்பு அரக்கன், வெள்ளைக் குள்ளன் என்று புத்தகத்தில் பெயர்கள் வருகின்றன, ஒன்றோடொன்று என்ன சொந்தம் என்று விளங்கவில்லை.
– கொக்குவில்

சொந்தம் இருக்கிறது, நீங்கள் கேட்டது சரியான சொல். பல பெயர்கள் வேறு வேறு வகையைச் சொல்லவில்லை, ஒரே நட்சத்திரத்தின் வேறு வேறு வயதைச் சொல்கின்றன. பிறக்கும்போது என்ன திணிவோ, கிட்டத்தட்ட அதுதான் ஒரு நட்சத்திரத்தின் தலைவிதி. பிறந்த நேரம் பார்க்கத் தேவையில்லை.

சூரியனின் திணிவில் நூறில் எட்டுப் பங்குக்கும் குறைவானால் ஐதரசன் இணைவே பற்றாது, அது நட்சத்திரக் கணக்கில் வராது. அதற்குக் கொஞ்சம் மேலே உள்ளவை சிவப்புக் குள்ளர்கள். எங்கள் பால்வீதியில் நாலில் மூன்று பங்கு இவர்கள்தான், ஆனால் ஒருவரையும் வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. சூரியனுக்கு அடுத்து எங்களுக்கு மிகக் கிட்ட உள்ள புரொக்சிமா 4.24 ஒளியாண்டில் இருக்கிறது, அதுகூடத் தெரியாது. சிக்கனக்காரர், இலட்சம் கோடி ஆண்டுக் கணக்கில் வாழ்வார்கள். அண்டத்தின் வயதே 1380 கோடிதான் என்பதால் இதுவரை ஒரு சிவப்புக் குள்ளனும் முதுமையில் சாகவில்லை.

சூரியனைப்போன்றவை நடுத்தரம். சூரியனுக்கு இப்போது 460 கோடி வயது, இன்னும் 500 கோடி ஆண்டளவில் மையத்தில் ஐதரசன் முடிய வெளிப்பகுதி ஊதிப்போய் சிவப்பு அரக்கனாகும். அது எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டுமானால் தை மாதத்து முன்னிரவில் தலைக்கு மேலே ரோகிணியைப் பாருங்கள். செம்மஞ்சளாகத் தெரியும், 65 ஒளியாண்டு தூரம். சூரியனைவிடக் கொஞ்சம்தான் திணிவு கூட, ஆனால் அகலம் நாற்பது மடங்குக்கு மேல். பிறகு வெளிப்பகுதி எல்லாம் பறந்துபோய் நடுவில் மிஞ்சுவது வெள்ளைக் குள்ளன், பூமியளவு உருவத்தில் சூரியனளவு பாரம். வானத்தில் மிகப் பிரகாசமான சிரியஸ் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, 1862இல் தொலைநோக்கியில் பிடிபட்டது.

பெரிய திணிவுக்காரர் ஊதாரிகள். சித்திரை நட்சத்திரம் பார்த்திருப்பீர்கள், சித்திரை, வைகாசி இரவுகளில் நீலம் கலந்த வெள்ளையாக. அது உண்மையில் நாலு நாளில் ஒன்றையொன்று சுற்றுகிற இரண்டு நட்சத்திரம், பெரியது சூரியனைப்போல பத்து மடங்குக்கு மேல். நீலமாக இருப்பதுதான் கூடிய சூடு, சிவப்பு குறைந்த சூடு. சூரியன் மேற்பரப்பு 5,500 பாகை செல்சியஸ், சித்திரை இருபதாயிரத்துக்கு மேல். இந்தப் பாரத்தில் உள்ளவை முதுமையில் சிவப்புப் பேரரக்கனாகும். நல்லூர்த் திருவிழா நாட்களில் இரவு எட்டு மணிக்குத் தெற்கே நல்ல உயரத்தில் சிவப்பாகத் தெரிகிற கேட்டை அப்படி ஒன்று. அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையும் அதற்குள் போய்விடும். இந்தக் கூட்டம்தான் வெடித்து நியூத்திரன் நட்சத்திரத்தையோ கருந்துளையையோ விட்டுவிட்டுப் போகும்.

என் மகனுடைய நட்சத்திரம் திருவாதிரை. அது வெடிக்கப் போகிறதாம் என்று வட்ஸ்அப்பில் வந்தது. அவனுக்கு இப்போதுதான் கலியாணம் பேசுகிறோம். ஏதும் தோஷம் இருக்குமா?
– நல்லூர்

அம்மா, கலியாணத்தைப் பேசுங்கள். திருவாதிரை, கேட்டையைப்போல ஒரு சிவப்புப் பேரரக்கன், ஒருநாள் வெடிக்கத்தான் போகிறது. ஆனால் வானியலாளர் "விரைவில்" என்றால் ஒரு இலட்சம் ஆண்டும் அதற்குள் அடங்கும். 2019 கடைசியில் தொடங்கி 2020 மாசி வரை அது பாதிக்கும் கீழே மங்கியதால்தான் இந்தக் கதை கிளம்பியது. பிறகு ஆராய்ந்ததில், நட்சத்திரம் தன் வெளிப்பகுதியில் ஒரு துண்டை வீசி, அது தூசியாகி எங்களுக்கு முன்னால் மறைத்தது என்று தெரிந்தது. சில மாதத்தில் பழைய பிரகாசம் வந்துவிட்டது. உங்களுக்கு வந்த செய்தி மட்டும் இன்னும் சுற்றுகிறது.

ஐந்நூறு ஒளியாண்டுக்கு மேல் தூரம் என்பதால் வெடித்தாலும் எங்களுக்கு ஆபத்தில்லை. பகலிலும் தெரியும், இரவில் நிழல் விழும், சில மாதம் பெரிய வேடிக்கை. பஞ்சாங்கக் கணக்கும் கெடாது. 27 நட்சத்திரம் என்பது சந்திரன் போகும் வழியை 13 பாகை 20 கலை வீதம் பிரித்த 27 பங்கு, அந்தப் பங்குக்கு அடையாளமாகத்தான் நட்சத்திரத்தின் பெயர். அடையாளம் போனாலும் பங்கு அங்கேயே இருக்கும்.

2004 சுனாமிக்கு ஒரு நட்சத்திரம் வெடித்ததுதான் காரணம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் நாலு பேரை அன்று இழந்தோம். உண்மை என்ன?
– வடமராட்சி கிழக்கு

இதற்கு விளையாட்டாகப் பதில் எழுத முடியாது. நட்சத்திரத்தில் ஒரு சம்பவம் நடந்தது உண்மை, சுனாமிக்கு அது காரணம் என்பது பொய்.

நியூத்திரன் நட்சத்திரங்களில் ஒரு வகைக்குக் காந்தப்புலம் மிக மிகக் கூட, மக்னெற்றார் என்பார்கள். தனுசுப் பக்கத்தில் பல பத்தாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள ஒன்றின் காந்தப்புலம் திடீரென்று குலைந்து, ஓடு வெடித்து, காமாக் கதிர்கள் பீறிட்டன. ஐந்தில் ஒரு பங்கு செக்கனில் வெளியேறிய சக்தி, சூரியன் ஒரு இலட்சம் ஆண்டுக்கு மேல் கொடுப்பதற்குச் சமம். அந்தக் கதிர்கள் பூமியை அடைந்தபோது வளிமண்டலத்தின் மேற்படையில் உள்ள அயனமண்டலம்கூட மாறியது. கருவிகளில் அந்த நேரம் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது: மார்கழி 27, கிரீனிச் நேரம் இரவு ஒன்பதரை. சுமாத்திரா நிலநடுக்கம் மார்கழி 26, கிரீனிச் நேரம் அதிகாலை ஒரு மணிக்கு ஒரு நிமிடம் குறைய. நிலநடுக்கம் முதலில், கதிர்கள் அதற்கு 44 மணித்தியாலம் பிந்தி. ஒளியைவிட வேகமாக எந்த விசையும் எந்த அலையும் முன்னால் வந்து நிலத்தை ஆட்ட முடியாது, பாரமான பொருட்கள் அசையும்போது எழும் ஈர்ப்பலைகூட ஒளியின் வேகம்தான். அன்று நடந்தது இந்தியத் தட்டு சுந்தாக் கடற்கிடங்கில் பர்மாத் தட்டின் கீழே நூற்றாண்டுகளாகச் சிக்கிச் சேர்ந்த அழுத்தம், 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீளத்துக்கு ஒரேயடியாக விடுபட்டது. இரண்டு திகதி பக்கத்தில் பக்கத்தில் வந்ததை வைத்துக் காணொளி செய்து காசு பார்ப்பவர்களைப் பற்றி நான் நினைப்பதை இங்கே அச்சிட மாட்டார்கள்.

இதெல்லாம் அறிந்து என்ன பிரயோசனம்? அரிசி விலை குறையுமா?
– இணுவில்

குறையாது. பாண் விலையும் குறையாது.

பல்சார் என்பதை முதலில் கண்டுபிடித்தபோது வேற்றுக்கிரகவாசிகளின் சமிக்ஞை என்று நினைத்தார்களாமே?
– வட்டுக்கோட்டை

நினைத்தார்கள் என்பதைவிட, விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள் என்பது சரி. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜொசலின் பெல் என்ற 24 வயது ஆராய்ச்சி மாணவி, கம்பமும் கம்பியும் நட்டு ஒரு பெரிய வயலளவுக்கு வானொலித் தொலைநோக்கி கட்டுவதில் தானும் சேர்ந்து உழைத்தவர். அது நாளுக்கு முப்பது மீற்றர் அளவில் வரைபடத் தாள் கக்கும். கணினி இல்லை, அவர்தான் கண்ணால் பார்க்கவேண்டும். அதில் ஒரு அங்குலத்துக்கும் குறைவான ஒரு கீறல் விசித்திரமாக இருப்பதைக் கண்டார். வேறொருவர் என்றால் குறுக்கீடு என்று விட்டிருப்பார். இவர் விடவில்லை. வேகமாகத் தாள் ஓடவிட்டுப் பார்த்தால் 1.337 செக்கனுக்கு ஒரு துடிப்பு, அச்சுப் பிசகாமல். அதற்குத்தான் "சின்னப் பச்சை மனிதர்" என்று பகிடிப் பெயர். அவரே பிறகு வானத்தின் வேறொரு பக்கத்தில் இரண்டாவதைப் பிடித்ததும் பச்சை மனிதர் கதை முடிந்தது, ஏனென்றால் இரண்டு இடத்து மனிதர்கள் ஒரே நேரத்தில் ஒரே விதமாகக் கூப்பிடப் போவதில்லை.

பல்சார் (மோட்டார் சைக்கிளைச் சொல்லவில்லை) என்பது வேகமாகச் சுழலும் நியூத்திரன் நட்சத்திரம்தான். காந்த முனைகளிலிருந்து கதிர்க்கற்றை கிளம்பும், காந்த அச்சும் சுழல் அச்சும் ஒன்றாக இல்லாததால் அந்தக் கற்றை பருத்தித்துறை வெளிச்சவீட்டு ஒளிபோல வானத்தைத் துடைத்துக்கொண்டு போகும், எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு துடிப்பு. ஏன் அவ்வளவு வேகம் என்றால், பெரிதாக இருந்தபோது மெதுவாகச் சுழன்ற மையம் சுருங்கும்போது கோண உந்தம் எங்கேயும் போகாது, சுழற்சிதான் கூடும். பிறகு பக்கத்து நட்சத்திரத்திலிருந்து பொருளை இழுத்து விழுங்கினால் இன்னும் கூடும். இதுவரை கண்டதில் வேகமானது செக்கனுக்கு 716 தரம் சுழல்கிறது. அதன் நடுக்கோட்டில் உள்ள இடம் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

1974இல் இந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது, அவருடைய மேற்பார்வையாளர் அந்தனி ஹ்யூவிஷுக்கு. பெல்லுக்கு இல்லை. தனக்கு மனக்குறை இல்லை என்றுதான் அவர் சொல்லிவந்தார். எனக்கு இருக்கிறது. 2018இல் அவருக்கு 30 இலட்சம் டொலர் பெறுமதியான வேறொரு பரிசு கிடைத்தபோது, பௌதிகவியல் படிக்க வழியில்லாத பிள்ளைகளின் புலமைப்பரிசிலுக்கு முழுவதையும் கொடுத்துவிட்டார்.

நியூத்திரன் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தது சந்திரசேகர் என்ற தமிழர் என்று எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்தில் ஒருவர் முழங்கினார். சரியா?
– கோப்பாய்

முழக்கம் சரி, தகவல் பிழை. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, பத்தொன்பது வயதில், அவர் போட்ட கணக்கு வெள்ளைக் குள்ளர்களைப் பற்றியது: சூரியனைப்போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் பாரமான வெள்ளைக் குள்ளன் நிலைக்க முடியாது. அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியை அந்தக் கணக்குத்தான் திறந்துவிட்டது. 1935இல் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் எழுந்து அதைப் பகிரங்கமாகப் பரிகசித்தார், எடிங்டன் அந்தக் காலத்தில் இந்தத் துறையின் பெரிய தலை. சந்திரசேகருக்கு நோபல் வந்தது 1983இல்.

நியூத்திரன் நட்சத்திரம் என்று ஒன்று இருக்கவேண்டும் என்று சொன்னவர்கள் பாடே, ஸ்விக்கி என்ற இரண்டு வானியலாளர்கள், 1933 கடைசியில். சட்விக் நியூத்திரனைக் கண்டுபிடித்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. சுப்பர்நோவாவில் இதுதான் மிஞ்சும் என்று துணிந்து சொன்னார்கள், முப்பத்துச் சொச்சம் ஆண்டு ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. சந்திரசேகருக்கு இல்லாததைச் சேர்க்காமலே அவர் போதுமான அளவு பெரிய ஆள்.

நகைக்கடை வைத்திருக்கிறேன். தங்கம் நட்சத்திரத்தில் உண்டானது என்று பேரன் சொல்கிறான். தாலிக்கொடி செய்ய வருபவர்களிடம் சொல்லலாமா?
– கன்னாதிட்டி

தாராளமாகச் சொல்லுங்கள் அண்ணை, உண்மைதான். இரும்பு வரைக்கும் நட்சத்திரத்துக்குள்ளே இணைவில் உண்டாகும் என்று மேலே எழுதினேன். தங்கம் அப்படி வராது. ஒரு கருவுக்குள் நியூத்திரன்கள் மழைபோல வந்து ஒட்டவேண்டும், ஒன்று சிதைவதற்குள் அடுத்தது வந்துவிடவேண்டும். அவ்வளவு நியூத்திரன் எங்கே கிடைக்கும்? இரண்டு நியூத்திரன் நட்சத்திரங்கள் மோதினால் கிடைக்கும்.

2017 ஆவணி 17ஆம் திகதி அது பிடிபட்டது. 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூத்திரன் நட்சத்திரம் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதியதில் எழுந்த ஈர்ப்பலை, அமெரிக்காவிலுள்ள லைகோ, இத்தாலியிலுள்ள வேர்கோ கருவிகளுக்கு வந்தது. அது முடிந்து 1.7 செக்கனில் காமாக் கதிர் மின்னல். சில மணித்தியாலத்தில் உலகத்துத் தொலைநோக்கிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. மோதலில் தெறித்த குழம்பு முதலில் நீலமாகவும் சில நாளில் சிவப்பாகவும் மாறியதும், அதன் நிறமாலையும், பாரமான மூலகங்கள் அங்கே உண்டாகின என்று காட்டின. பல பூமிகளின் எடைக்குத் தங்கம் என்று கணித்தார்கள். அதோடு, 2004 மக்னெற்றார் மின்னலின் பழைய பதிவை 2025இல் திரும்ப ஆராய்ந்தவர்கள், அதிலும் இப்படி மூலகங்கள் உண்டான தடயம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மோதல் ஒன்றுதான் வழி என்று வாடிக்கையாளரிடம் அடித்துச் சொல்லவேண்டாம். சேதாரம் எத்தனை வீதம் என்பதை நட்சத்திரம் தீர்மானிப்பதில்லை, அதையும் சொல்லிவிடுங்கள்.

நியூத்திரன் நட்சத்திரத்தில் மனிதன் இறங்கினால் என்ன நடக்கும்?
– 9ஆம் தர மாணவன், மானிப்பாய்

இறங்கவே விடாது தம்பி. ஆயிரம் கிலோமீற்றர் தூரத்தில் நீங்கள் கால் கீழே, தலை மேலே என்று நின்றால், காலை இழுக்கும் இழுவைக்கும் தலையை இழுக்கும் இழுவைக்கும் உள்ள வித்தியாசமே பூமியின் ஈர்ப்பைப்போல அறுபது மடங்கு. அங்கேயே பிய்ந்துவிடுவீர்கள். மேற்பரப்புச் சூடு பல இலட்சம் பாகை. ஒரு மீற்றர் உயரத்திலிருந்து ஒரு கல்லைப் போட்டால் செக்கனுக்குச் சுமார் 2,000 கிலோமீற்றர் வேகத்தில் விழும். மலை ஏறலாம் என்றால் அங்குள்ள மலைகளின் உயரம் மில்லிமீற்றர்க் கணக்கு.

கருந்துளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் செத்த நட்சத்திரம்தானே?
– தெல்லிப்பழை

பாரம்தான் திரும்பவும். வெள்ளைக் குள்ளனுக்கு 1.4 என்று ஒரு எல்லை இருப்பதுபோல நியூத்திரன் நட்சத்திரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஒப்பன்ஹைமரும் வொல்கொவ்வும் 1939இல் முதலில் கணித்தார்கள், அவர்களுடைய எண் மிகச் சிறிதாக வந்தது, கருவிசைகளைச் சேர்க்கவில்லை. இன்றைய மதிப்பு சூரியனைப்போல இரண்டேகால் மடங்கு அளவில். 2.1 அளவுள்ள நியூத்திரன் நட்சத்திரத்தை அளந்திருக்கிறார்கள், ஆகவே எல்லை அதற்குக் கீழே இருக்க முடியாது. எல்லையைத் தாண்டினால் நியூத்திரன்களாலும் தாங்க முடியாது, இடிவது நிற்காது. நியூத்திரன் நட்சத்திரத்திலிருந்து தப்ப ஒளியின் வேகத்தில் பாதி அளவு வேண்டும், கருந்துளையிலிருந்து ஒளியாலும் தப்ப முடியாது. முன்னதற்கு ஒரு மேற்பரப்பு இருக்கிறது, பின்னதற்கு இல்லை.

எங்கள் ஊரிலிருந்து ஒரு நியூத்திரன் நட்சத்திரத்தைப் பார்க்க முடியுமா? தொலைநோக்கி வாங்கவேண்டுமா?
– காரைநகர்

நியூத்திரன் நட்சத்திரத்தை வெறுங்கண்ணால் பார்க்க வழியில்லை. ஆனால் ஒன்று பிறந்த வெடிப்பின் மிச்சத்தைப் பார்க்கலாம். 1054 ஆடியில் இடபத்தின் கொம்புக்குக் கிட்ட ஒரு புது நட்சத்திரம் தோன்றியதைச் சீன வானியலாளர் எழுதிவைத்தார்கள், 23 நாள் பகலிலும் தெரிந்ததாம், இரவில் இரண்டு ஆண்டு அளவுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் இப்போது நண்டு நெபுலா இருக்கிறது, 6,500 ஒளியாண்டு தூரத்தில். அதன் நடுவில் உள்ள பல்சார் செக்கனுக்கு முப்பது தரம் துடிக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை முகில் விடாது. தை, மாசியில், நிலவில்லாத நாளாகப் பார்த்து, கடற்கரைப் பக்கம் வீதி விளக்கு இல்லாத இடத்துக்குப் போங்கள். முதலில் ரோகிணியைப் பிடியுங்கள். அதிலிருந்து வடகிழக்குப் பக்கமாக மாட்டின் இரண்டு கொம்பு நுனிகளாக இரண்டு நட்சத்திரம் இருக்கும், அதில் மங்கலான, தெற்குப் பக்கத்தது. அதற்கு ஒரு பாகை வடமேற்கே, அதாவது இரண்டு முழுநிலவு அகலம் தள்ளி. பத்துக்கு ஐம்பது பைனாகுலர் இருந்தால் நல்ல இருட்டில் ஒரு சாம்பல் புள்ளிபோலத் தெரியும். கண் இருட்டுக்குப் பழக அரைமணித்தியாலம் கொடுங்கள், அதுவரை கைத்தொலைபேசியை எடுக்காதீர்கள். தொலைநோக்கிக்கு இப்போதே காசு செலவழிக்கவேண்டாம், இந்தப் புள்ளியைப் பைனாகுலரில் கண்டுபிடித்த பிறகு வாங்குங்கள்.